டின்னில் இருக்கிற அக்கா

தாய்மார் கொழுந்துக்குப் போகும்போது பிள்ளைகளை விட்டுப்போகிற புள்ளக்காம்பரா. அதன் இஸ்தோப்பில் ஒரு பழைய வாங்கு கிடக்கிறது. வாங்கின் ஓரத்தில் எனக்கு இடம். வந்த வேலை முடிந்துவிட்டது. இங்கே பிள்ளைகளைப் பார்த்துக்கொள்கிற ஆயாம்மாவின் மகன் கொழும்பிலிருந்து கொடுத்தனுப்பிய பார்சல் கைமாறிவிட்டது. பதிலுக்கு ஒரு கோப்பை சாயத்தண்ணி கைக்கு வந்திருக்கிறது. நோர்வூட்டிலிருந்து ஹட்டனுக்குப் போகிற பஸ்ஸுக்கு இன்னும் நேரம் இருக்கிறது. மலையில் வெயில் நன்றாக அடிக்கிறது. ஒக்டோபர் வெயிலை இங்கே யாரும் நம்புவதில்லை. பகல் சாப்பாட்டுக்குப் பிறகு இடியோடு மழை வந்து ஊற்றும்.

உள்ளே பாயில் பிள்ளைகள். இரண்டு வயதிலிருந்து ஐந்துக்குள். தொட்டிலில் ஒன்று தூங்குகிறது. நடுவே சப்பணமிட்டு உட்கார்ந்திருப்பவளுக்கு இருபத்திரண்டு வயதிருக்கும். தோட்டத்தின் மேற்கணக்குப் பிரிவுப் பிள்ளை, ஹட்டனில் ஒரு கொமினிகேசனில் போட்டோகொப்பி எடுக்கிற வேலை, இன்றைக்கு லீவு போட்டுவிட்டு வந்திருக்கிறது என்று ஆயாம்மா என்னிடம் சுருக்கமாகச் சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போனார்.

அந்தப் பெண் துணிப்பையிலிருந்து ஒரு புத்தகத்தை எடுத்தாள். கடையில் மிஞ்சிய கட்டித் தாள்களை மடித்து, நடுவில் நூல் கோத்துத் தைத்தது. படமெல்லாம் கையால் வரைந்தது. எழுத்து மட்டும் கணினியில் அடித்து வெட்டி ஒட்டியது. பக்கத்தை எண்ணிப் பார்த்தேன், 32. யாரோ அவளுக்குச் சரியாகச் சொல்லிக் கொடுத்திருக்கிறார்கள். அச்சகத்தில் ஒரு பெரிய தாளின் முன்னே எட்டு, பின்னே எட்டாக அடித்து மடித்தால் 16 பக்கம். அப்படி இரண்டு மடிப்பு. உலகம் முழுக்கப் பெரும்பாலான படக்கதைகள் இந்தக் கணக்குக்குள்தான் பிறந்து வளர்கின்றன.

“இதெல்லாம் எதுக்கு புள்ள?” என்று ஆயாம்மா உள்ளிருந்தே கேட்டார்.

“போட்டிக்கு ஆயாம்மா. புதுசா எழுதுறவங்களுக்கும் படம் போடுறவங்களுக்கும் பரிசு கொடுக்குறாங்களாம்.”

“எம்புட்டு?”

“அது தெரியல.”

எந்தப் போட்டி, யார் நடத்துவது என்று நான் கேட்கவில்லை. கேட்டால் பேச்சு என் பக்கம் திரும்பிவிடும். எனக்குப் பாயில் நடப்பதைப் பார்க்க வேண்டியிருந்தது.

கதை ஒரு பாட்டாச் செருப்பைப் பற்றியது. ஒரு சிறுமி பீலியில் கால் கழுவும்போது ஒற்றைச் செருப்பு நழுவுகிறது. பீலித் தண்ணி வடிகாலான கானில் விழ, கான் தேயிலைக்கு நடுவே வளைந்து இறங்க, செருப்பு முன்னால் போகிறது, சிறுமி பின்னால் ஓடுகிறாள். வழியில் பார்ப்பவர்களிடமெல்லாம் விசாரிக்கிறாள். அவ்வளவுதான். நல்ல படக்கதைக்கு இதற்கு மேல் சரக்குத் தேவையில்லை. ஏதாவது ஒன்று ஓட வேண்டும், யாராவது துரத்த வேண்டும். மீதியைப் பக்கம் திருப்புகிற கை பார்த்துக்கொள்ளும்.

முதல் விரிப்பில், அதாவது எதிரெதிரான இரண்டு பக்கத்தில், ஒரு லயம். தகரக் கூரை, வரிசையாக எட்டுக் கதவு, கதவுக்கு ஒரு நிறம். அவள் வாசிக்கத் தொடங்குவதற்குள்ளேயே பாய் கலைந்துவிட்டது. எல்லாரும் முழங்காலில் நகர்ந்து படத்தின் மேல் விழுந்தார்கள். “இது எங்க வீடு.” “இல்ல, இது எங்க வீடு. பச்சக் கதவு எங்களோடது.” ஒருத்தன் கடைசிக் கதவின் மேல் விரலை வைத்து அப்படியே அழுத்திக்கொண்டிருந்தான். வேறு யாரும் எடுத்துவிடக் கூடாதாம். அவள் புத்தகத்தைத் தூக்கிக்கொள்ளவில்லை, அதட்டவும் இல்லை. ஒவ்வொருத்தரும் ஒரு கதவைப் பிடித்து முடிக்கும்வரை காத்திருந்தாள். ஒரு கதவு மிச்சம் வந்தது. “அது யாரு வீடு?” என்றாள். “அவங்க கொழும்புக்குப் போயிட்டாங்க” என்று மூத்த சிறுமி சொன்னாள். கதையில் அப்படி எதுவும் எழுதியிருக்கவில்லை.

செருப்பு கானுக்குள் இறங்கியது. ஒரு தவளை, ஒரு நாய், குடை பிடித்த ஒரு கிழவர். பிள்ளைகள் திருப்தியாக இருந்தார்கள். ஏழாவது விரிப்பில்தான் சிக்கல்.

அந்தப் பக்கத்தில் கொழுந்தெடுக்கிற பெண். மஞ்சள் சேலை, நெற்றியில் பெரிய பொட்டு, தலையில் கயிறு மாட்டி முதுகில் தொங்கும் பிரம்புக் கூடை, இரண்டு இலையும் ஒரு மொட்டுமாகக் கையில் கொழுந்து, முகத்தில் புன்னகை. இருந்த படங்களிலேயே இதைத்தான் அவள் அதிகம் உழைத்து வரைந்திருக்கிறாள் என்பது தெரிந்தது. சேலை மடிப்பு ஒவ்வொன்றுக்கும் நிழல் கொடுத்திருந்தாள்.

“யாரு இது?” என்றாள்.

பதில் வரவில்லை. பிள்ளைகள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவன்தான் கடைசியில் சொன்னான்.

“டின்னுல இருக்கிற அக்கா.”

மற்றதுகளுக்கும் உடனே அடையாளம் தெரிந்துவிட்டது. ஆமாம், டின் அக்கா, டின் அக்கா. ஒன்று எழுந்து ஓடிப்போய் அடுப்படி அலுமாரியைக் காட்டியது. அங்கே பிஸ்கட் போட்டு வைக்கிற பழைய தேயிலை டின். அதில் அதே அக்கா, அதே சேலை, அதே சிரிப்பு.

அந்தப் பெண் டின்னையும் தன் படத்தையும் மாறி மாறிப் பார்த்தாள். அவள் முகத்தில் வருத்தம் தெரிந்ததா என்றால், இல்லை. கணக்கில் பிழை எங்கே என்று கண்டுபிடித்தவர்களின் முகம் ஒன்று இருக்கிறதல்லவா, அது.

“அப்ப உங்கம்மா எப்படி இருக்கும்?”

இப்போது எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள். எங்கம்மா சாக்குலதான் பறிக்கும். எங்கம்மா அப்பாவோட சட்டையைப் போட்டுக்கும். எங்கம்மா தலையில தொப்பி. எங்கம்மா இடுப்புல படங்கு கட்டும். எங்கம்மா காலுல சவுக்காரம் பூசும், அட்டை ஏறாம. அவள் காதில் செருகியிருந்த பென்சிலை எடுத்துப் பக்கத்தின் ஓரத்தில் குறித்துக்கொண்டே வந்தாள். சாக்கு. சட்டை. தொப்பி. சவுக்காரம். தான் பிறந்து வளர்ந்த தோட்டத்தில், தன் தாயும் போட்டிருந்த உடையை, நான்கு வயதுப் பிள்ளைகளிடம் கேட்டு எழுதிக்கொள்கிறாள்.

இதில் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 1867-இல் லூல்கந்துரவில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டது முதல் மலையகத்துப் பெண்ணை உலகம் படமாகப் பார்த்துக்கொண்டேதான் இருக்கிறது. டின், நாட்காட்டி, விமான நிலையச் சுவர், இப்போது நானுஓயாவுக்கும் எல்லவுக்கும் இடையே ரயில் கதவில் தொங்கிக்கொண்டு போகிறவர்களின் போன். இத்தனை படத்திலும் கூடை இருக்கும், புன்னகை இருக்கும், பிள்ளை இருக்காது. வரையத் தெரிந்த கைக்கு முன்மாதிரி தேடினால் அதுதான் கிடைக்கிறது. எழுத்தில் கதை வேறு. சி. வி. வேலுப்பிள்ளை, என். எஸ். எம். இராமையா, தெளிவத்தை ஜோசப் என்று மலையகத்தின் உள்ளிருந்து எழுதியவர்களின் வரிசை நீளமானது. அவர்கள் எழுத்தில் வியர்வை இருக்கிறது, அட்டைக்கடி இருக்கிறது, கிலோ குறைந்தால் அரைப்பேர், அதாவது அரைநாள் சம்பளம், விழுகிற கணக்கும் இருக்கிறது. ஆனால் அதெல்லாம் வாசிக்கத் தெரிந்தவர்களுக்கு. இந்தப் பாயில் இருப்பவர்களுக்குப் படம்தான் எழுத்து.

இப்படி இல்லாத ஒரு படத்தைத் தானே வரைய வேண்டி வந்த எஸ்ரா ஜாக் கீட்ஸ் என்ற அமெரிக்க ஓவியர் நினைவுக்கு வந்தார். போலந்திலிருந்து வந்த ஏழை யூதக் குடும்பம், புரூக்ளினில் பிறப்பு. 1940-இல் லைஃப் சஞ்சிகையில் வந்த சில புகைப்படங்களை வெட்டி எடுத்து வைத்திருந்தார். இரத்தப் பரிசோதனைக்கு ஊசி குத்திக்கொள்ளப் போகிற ஒரு கறுப்பினச் சிறுவனின் முகம், நான்கு பாவத்தில். இருபது வருடத்துக்கு மேல் அந்தத் துண்டு அவரோடு இருந்தது. மற்றவர்கள் எழுதிய புத்தகங்களுக்குப் படம் போட்டுக்கொண்டிருந்த காலம் முழுக்க, ஒரு கறுப்பினப் பிள்ளை நாயகனாக வருகிற கதை அவர் கைக்கு வரவே இல்லை. கடைசியில் தானே எழுதி, தானே வரைந்தார். சிவப்புக் குப்பாயம் போட்ட பீட்டர் பனியில் நடக்கிறான்; கதையில் வேறொன்றும் நடப்பதில்லை. ‘தி ஸ்னோயி டே’ 1962-இல் வந்தது, மறுவருடம் படக்கதை ஓவியத்துக்கான கால்டெகாட் பதக்கம். நியூயோர்க் பொது நூலகம் 2020-இல் தன் 125 வருடக் கணக்கைப் பார்த்தபோது, அதிகம் இரவல் போன புத்தகம் அதுதான்.

அவர் பெயரில் இப்போது ஒரு விருது இருக்கிறது. புதியவர்களுக்கு மட்டும். மூன்று புத்தகத்துக்கு மேல் வெளியிட்டிருந்தால் தகுதி கிடையாது. நம் ஊரில் மூன்று படக்கதை போட்டவர் மூத்த தலைமுறையாகிவிடுவார், அது வேறு.

பாயில் வேறொரு பிரச்சினை எழுந்திருந்தது. செருப்பு தேயிலைக்குள் போய்விட்டதே, அங்கே குளவி இல்லையா? கேட்டது ஒரு மெலிந்த சிறுமி. அதுவரை வாய் திறக்காதவள். “எங்கம்மாவுக்குக் கொட்டிருச்சி. டிக்கோயா ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க.”

மலைநாட்டுச் செய்தியை வாசிக்கிறவர்களுக்குக் குளவிக்கொட்டு புதிதில்லை. கவ்வாத்துக்கோ கொழுந்துக்கோ போனவர்கள் கூட்டைக் கலைத்துவிடுவதும், பத்துப் பதினைந்து பேர் ஒரே நேரத்தில் ஆஸ்பத்திரியில் கிடப்பதும், சிலசமயம் ஒருத்தர் திரும்பி வராமல் போவதும் நடக்கிறது. ஆனால் படக்கதையில் குளவியை வைக்கலாமா? வைக்கக் கூடாது, பிள்ளைகள் பயந்துவிடும் என்று நடுவர் மேசையில் யாராவது சொல்லக்கூடும். அந்தப் பெண் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு சிறுமியிடம், “குளவி வந்தா என்ன செய்யணும்?” என்றாள். “சாக்க மூடிக்கிட்டுக் குப்புறப் படுக்கணும்.” மெலிந்தவள் எழுந்து, பாயின் நுனியைத் தலைக்கு மேல் இழுத்துக்கொண்டு படுத்தே காட்டினாள். உடனே அத்தனையும் குப்புறப் படுத்தன. தொட்டிலில் இருந்தது விழித்துக்கொண்டு அழுதது. ஆயாம்மா கரண்டியோடு ஓடிவந்தார். ஒரு விரிப்பு அங்கேயே தயாராகிவிட்டது. அவள் பென்சில் அவசரமாக ஓடிக்கொண்டிருந்தது.

நடுவர்கள் என்றால் எனக்கு எப்போதும் கொஞ்சம் சந்தேகம். படக்கதைக்குப் பரிசு கொடுப்பவர்கள் எல்லாருமே வாசிக்கத் தெரிந்தவர்கள், அங்கேதான் கோளாறு. அவர்கள் கண் முதலில் எழுத்துக்குப் போகிறது. உலகத்து விருதுகளின் வரலாற்றைப் பார்த்தாலே தெரியும். அமெரிக்காவில் சிறுவர் எழுத்துக்கான நியூபெரி பதக்கம் 1922-இல் வந்தது, படத்துக்கான கால்டெகாட் 1938-இல். அனைத்துலக ஹான்ஸ் கிறிஸ்டியன் அண்டர்சன் விருது எழுத்தாளருக்கு 1956-இல் தொடங்கியது. ஓவியர் பத்து வருடம் காத்திருந்தார். கீட்ஸ் விருதுகூட, தூரிகை பிடித்தவரின் பெயரில் இருந்தும், 1985-இல் புதிய எழுத்தாளருக்காகத்தான் ஏற்படுத்தப்பட்டது. ஓவியருக்கு 2001 ஆகிவிட்டது.

நம் பக்கத்திலும் அதே கதை. இந்திய சாகித்திய அகாதெமி 2010 முதல் கொடுக்கும் பால சாகித்திய புரஸ்கார் நூலாசிரியருக்கு. உள்ளே படம் போட்டவருக்குத் தனியே எதுவும் இல்லை. டாடா அறக்கட்டளை 2016-இல் தொடங்கிய பிக் லிட்டில் புக் விருது எழுத்துக்கு ஒன்று, ஓவியத்துக்கு ஒன்று என்று பிரித்துக் கொடுத்தது நல்ல காரியம். இலங்கையில் அரச இலக்கிய விருதுகளில் சிறுவர் இலக்கியத்துக்கு இடம் உண்டு, தமிழுக்கும் உண்டு. அங்கேயும் பெரும்பாலும் மேடை ஏறுவது எழுதியவர்தான். அம்புலிமாமாவில் விக்கிரமாதித்தன் உருவிய வாளோடு வேதாளத்தைத் தோளில் சுமந்து போகிற படத்தைப் பார்க்காத தமிழ் வீடு எத்தனை இருந்திருக்கும்? அதை வரைந்த கே. சி. சிவசங்கரனின் பெயர் எத்தனை வீட்டுக்குத் தெரிந்திருக்கும்? 96 வயதில், 2020-இல் இறந்தார். பத்மஸ்ரீ அதற்கடுத்த வருடம் வந்தது.

சிவசங்கரன் இறந்த அதே வருடம் கொழும்பில் சிபில் வெத்தசிங்கவும் இறந்தார். அவர் இந்தத் தொல்லையை வேறு விதமாகத் தீர்த்துக்கொண்டவர். எழுதியதும் அவரே, வரைந்ததும் அவரே. பதின்ம வயதிலேயே பத்திரிகைக்குப் படம் போடப் போனவர். 1956-இல் செய்த ‘குட ஹொரா’ என்ற குடைத் திருடன் கதை 1986-இல் ஜப்பானில் சிறந்த வெளிநாட்டுப் புத்தகமாகத் தேர்வானது. பட்டணத்தில் குடையைக் கண்டு ஆசைப்பட்டு வாங்கிவந்த ஒரு கிராமத்து மாமா, கோப்பி குடித்துவிட்டு வருவதற்குள் குடை காணாமல் போகிறது. திரும்ப வாங்குகிறார், திரும்பக் காணோம். கடைசியில் குடைக்குள் கடதாசித் துண்டுகளைப் போட்டு வைத்து, அவை சிந்திய வழியே தேடிப்போனால் மரமெல்லாம் குடை. திருடன் ஒரு குரங்கு. மாமா குடைக்கடை வைத்துவிடுகிறார். ஒரு செருப்பு கானில் ஓடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தபோது எனக்கு அந்தக் குடைகள்தான் ஞாபகம் வந்தன. இந்தப் பெண் அந்தப் புத்தகத்தைப் பார்த்திருப்பாளா? இரண்டும் ஒரே தீவின் பொருட்கள். ஒரு சாதாரணச் சாமான் காணாமல் போகிறது, அதைத் தேடிப் போகிற வழியெல்லாம் ஊர் தெரிகிறது.

கதை முடிந்தது. செருப்பு தேயிலைத் தொழிற்சாலையான இஸ்டோர் வாசலில் கிடைக்கிறது. லொறியில் ஏற்றப்போகிற தேயிலைப் பொதிக்கு மேல் யாரோ எடுத்து வைத்திருக்கிறார்கள். பிள்ளைகள் மறுபடி முதல் பக்கத்துக்குப் போகச் சொன்னார்கள். கதவு பிடிக்க.

அவள் அதை அவர்களிடமே கொடுத்துவிட்டு இஸ்தோப்புக்கு வந்து, வாங்கின் மறுமுனையில் உட்கார்ந்து ஒரு படிவத்தை விரித்தாள். எழுதியவர் என்று ஒரு பெட்டி. ஓவியர் என்று ஒரு பெட்டி, அதே அளவில். இதை ஏற்பாடு செய்தவர் யாராக இருந்தாலும் வாழ்க என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டேன். முதல் பெட்டியில் பெயரை எழுதினாள். இரண்டாவதில் எழுதப் போய், பேனாவை நிறுத்தி, ஏழாவது விரிப்பை நினைத்தாளோ என்னவோ, மூடி பையில் போட்டுக்கொண்டாள்.

ஆயாம்மா விடுகிறவராக இல்லை. “பரிசு கெடச்சா புத்தகமா அடிப்பாங்களா?”

“அடிப்பாங்கன்னுதான் சொல்றாங்க. கடதாசி வெலை கூடிக் கெடக்கு.”

2022 மார்ச்சில் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையையே தள்ளிப் போட்டார்கள். அந்த வருடத்துக்குப் பிறகு நான்கு வண்ணத்தில் ஒரு சிறுவர் புத்தகம் அடிப்பது பதிப்பாளருக்குக் கோயில் கட்டுகிற செலவு. அதனால் விருதுப் பணத்தைவிட, விருது பெற்றது என்று நூலகங்கள் வாங்கும் பிரதிகள்தான் இந்தத் தொழிலைக் காப்பாற்றும்.

பணத்துக்கு வெளியேயும் விருது ஏதோ செய்கிறது. கீட்ஸின் தகப்பனார் ஒரு கோப்பிக் கடைச் சிப்பந்தி. படம் வரைந்தால் சோறு கிடைக்காது என்று மகனைக் கண்டித்துக்கொண்டே இருந்தவர். ஆனாலும் பசித்து வந்த ஓவியன் ஒருத்தன் சூப்புக்குப் பதிலாகக் கொடுத்துவிட்டுப் போனான் என்று சொல்லிச் சொல்லி வர்ணக் குழாய்களை வீட்டுக்குக் கொண்டுவருவார். மகன் உயர்பள்ளிப் பட்டம் வாங்குவதற்கு முந்தின நாள் அவர் தெருவில் விழுந்து இறந்தார். அடையாளம் காட்டப் போன மகன் அவருடைய பணப்பையைத் திறந்தால், உள்ளே நைந்துபோன பத்திரிகைத் துண்டுகள். மகன் சின்ன வயதில் வாங்கிய ஓவியப் பரிசுகளைப் பற்றிய செய்திகள்.

மேலே சங்கு ஊதியது. பகல் நிறுவை முடிந்து தாய்மார் இறங்கி வருகிறார்கள். கைக்குழந்தைக்காரி முதலில் வந்தாள். படங்கை அவிழ்க்காமலே தொட்டில் பிள்ளையைத் தூக்கிப் பால் கொடுக்க உட்கார்ந்தாள். சாக்கு பக்கத்தில். அது உரச்சாக்கு, கழுவிக் கழுவி வெளுத்தும் எழுத்துப் போகவில்லை. பிள்ளைகள் புத்தகத்தை அவள் முகத்துக்கு நேராகப் பிடித்துக் கதவுகளைக் காட்டின. அவள் ஒரு கையால் பக்கத்தைத் திருப்பிப் பார்த்தாள், நிதானமாக, முன்னேயும் பின்னேயுமாக.

“லயத்துக்குப் பின்னாடி கக்கூசைக் காணோமே தங்கச்சி.”

“போடுறேன்க்கா.”

“கூரையில கல்லு வைக்கல. காத்துக்கு எல்லாம் பறந்திரும்.”

“வைக்கிறேன்.”

ஏழாவது விரிப்பு வந்தது. அவள் அதையும் பார்த்தாள். ஒன்றும் சொல்லவில்லை. “டின் அக்கா!” என்று மகன்தான் கத்தினான். அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. பால் குடித்துக்கொண்டிருந்தது வாயை எடுத்துவிட்டு என்னவென்று பார்த்தது.

“அக்கா, கொஞ்சம் எழும்பி நிக்கிறீங்களா? சாக்க மாட்டிக்கிட்டு. ஒரு நிமிசம்தான்.”

“நானா? இந்தக் கோலத்திலயா?” பிள்ளையை ஆயாம்மாவிடம் கொடுத்தாள். தொப்பியைக் கழற்றி முகத்தைத் துடைத்தாள், தலைமுடியை ஒதுக்கினாள், திரும்பத் தொப்பியைப் போடுவதா வேண்டாமா என்று யோசித்தாள். சாக்கின் கயிற்றை நெற்றிக்கு மேல் மாட்டிக்கொண்டு சுவரோரம் நிமிர்ந்து நின்றாள்.

“சிரிக்கணுமா?”

“வேணாங்கா. சாக்கத்தான் வரையப் போறேன்.”